மூன்று மடங்கு வாடாமல்லி

திருமூர்த்திக்குத் தன்னைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதம் வரைக்கும் அந்த அபிப்பிராயத்துக்கு ஒரு சேதாரமும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது. வந்த வேகத்தையும், முக்கியமாக அதன் நிறத்தையும் நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அவிநாசி ரோட்டில் பொன்னாத்தாள் எக்ஸ்போர்ட்ஸ் என்கிற பனியன் கம்பெனியில் அவன் கம்ப்யூட்டர் பார்த்தான். முதலாளி சென்னியப்பன் தன் தாயார் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குப் பாதி பில் ஏறிவிடும். மாடியில் கண்ணாடி போட்டு, ஏசி வைத்து, திருமூர்த்திக்கென்று ஓர் அறை. உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தூசு பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று அவன் போட்ட சட்டம் அது. கோயிலுக்கு அப்புறம் சென்னியப்பன் செருப்பைக் கழற்றுகிற இடம் திருப்பூரிலேயே அது ஒன்றுதான். கதவுக்கு வெளியே முதலாளியின் செருப்பு கிடக்கும்போதெல்லாம் திருமூர்த்தி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

ஃபாக்ஸ்புரோ என்கிற பழைய மென்பொருளில் அந்தக் கம்பெனியின் அத்தனை கணக்கையும் அவன் ஒருவனே எழுதியிருந்தான். வாரச் சம்பளம், நூல் இருப்பு, எந்த ஆர்டருக்கு எந்தக் கலரில் எத்தனை கிலோ துணி வேண்டும் என்பது வரைக்கும். அது அவன் சொன்னபடி கேட்டது. ஒரு வரி அடித்து எண்டர் தட்டினால் உடனே ஓடும். தட்டினால் ஓடும் என்பதுதான் கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு இருந்த முழு ஞானம். அதுவரை அது போதுமானதாகவும் இருந்தது.

ஆனால் ஆர்டர்கள் பெருகிவிட்டன. கரண்ட் போகும்போதெல்லாம் ஒரு ஃபைல் கெட்டுப் போனது. நாலு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் சண்டை வந்தது. கடைசியில் சென்னியப்பன் கோயமுத்தூர் கம்பெனி ஒன்றிடம் பெரிய சர்வரும் ஆரக்கிள் என்கிற புதுத் தரவுத்தளமும் வாங்கிவிட்டார். அதைக் கொண்டுவந்து நிறுவியது சாரதாமணி என்கிற பெண். அதிகம் பேசாது. திருமூர்த்தியை விட நாலைந்து வயது சின்னது. பழைய ஃபைல்களையெல்லாம் புது இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி என்றது. ஆர்டர் ஆர்டராக எடுத்து, பீஸ் எண்ணிக்கையைத் துணி எடையால் பெருக்கி, சேதாரம் சேர்த்து, கலர்வாரியாகக் கிலோவைப் புது அட்டவணையில் எழுத வேண்டும். அதற்கு ஒரு சின்ன நிரல் தேவை. அடுத்த வாரம் வந்து தானே எழுதி ஓட்டித் தருவதாகவும் சொன்னது.

திருமூர்த்தி சிரித்தான். எட்டு வருஷமாக நிரல் எழுதுகிறவனிடம் இப்படிச் சொல்கிறதே என்கிற பெருந்தன்மையான சிரிப்பு. அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். சாரதாமணி கனமான கையேடுகள் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனது. மானிட்டர் கொஞ்சம் தாழ்வாக இருப்பதாக அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. கையேடுகளை அதன் அடியில் வைத்ததும் அது தீர்ந்தது.

புது சிஸ்டம் ஓடப்போகும் நாளுக்குச் சென்னியப்பன் நல்ல நேரம் பார்த்தார். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் வந்தன. அறைக்குள் புகை கூடாது என்று திருமூர்த்தி சொல்லிவிட்டதால் பூஜை கதவுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நடந்தது. அப்புறம் எல்லோரும் உள்ளே வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். முதலாளி, புரொடக்‌ஷன் மேனேஜர் மாரப்பன், ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர். திருமூர்த்தி விரல்களைச் சொடுக்கிவிட்டு, தயாராக எழுதி வைத்திருந்த நிரலை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரி முடிந்து எண்டர் தட்டியதும் அடுத்த வரிக்கு ஓர் எண் வந்து நின்றது. முப்பத்திரண்டாவது வரியில் ‘எண்ட்’ என்று அடித்து, அரைப்புள்ளி வைத்து, எல்லோரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எண்டரைத் தட்டினான்.

முப்பத்துமூன்று என்று ஓர் எண் வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் தட்டினான். முப்பத்துநாலு. மறுபடியும். முப்பத்தைந்து.

அவன் முதுகில் வியர்த்தது. அந்த ஏசி அறையில் அதற்கு முன்பு யாருக்கும் வியர்த்ததில்லை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. திரும்பி, ஒரு நிமிஷம் பொறுங்கள், எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தை அவன் அந்த அறையில் சொன்னதே கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

“அந்த நெம்பரு என்னுங் தம்பி?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“ஆர்டருங்கண்ணா. ஒண்ணொண்ணா எடுத்துக் கணக்குப் போடுது” என்றான் திருமூர்த்தி.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எண் ஏறினால்தான் வேலை நடப்பதாக அர்த்தம். எண்டர் தட்டினால்தான் எண் ஏறும். ஆகவே தட்டிக்கொண்டே இருந்தான். நாற்பது போனது, ஐம்பது போனது. மாரப்பன் மரியாதையோடு ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டாமல் விட்டால் நின்றுவிடுமா என்று முதலாளி கேட்டார். ஆமாம், இது புது மாதிரி, நம்மைக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த ஆர்டருக்குப் போகும் என்று திருமூர்த்தி விளக்கினான். சென்னியப்பனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முதலாளியைக் கேட்காமல் ஒன்றும் செய்யாத மிஷின்.

“அப்ப நான் கொஞ்சம் தட்டட்டுமா?” என்றார்.

திருமூர்த்தி எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். சென்னியப்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு விரலால், நிதானமாக, சாமிக்குப் பூப்போடுகிற மாதிரி எண்டரைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு சின்ன வேலை இருக்கிறது, தட்டிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கி ஓடினான்.

ஆபீஸ் ஃபோனில் பேசினால் கேட்டுவிடும் என்று ரோட்டைத் தாண்டி பேக்கரி பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். சாரதாமணி கிடைத்தது. நிரலை அடித்தேன், எண் மட்டும் ஏறுகிறது, ஓடவில்லை என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான், பூத்துக்காரருக்குக் கூடத் தெரியக் கூடாது என்பது போல.

“எண்ட் போட்டுட்டு அடுத்த லைன்ல ஸ்லாஷ் போட்டீங்களா சார்?”

எந்த ஸ்லாஷ் என்று கேட்டான்.

“சாய்கோடுங்க சார். கேள்விக்குறி இருக்கிற கீயிலயே இருக்கும். தனி லைன்ல அது ஒண்ணு மட்டும் போடணும். அதைப் பார்த்தாத்தான் அது ஓடும். அதுவரைக்கும் நீங்க இன்னும் எழுதிட்டு இருக்கீங்கன்னு காத்துட்டு இருக்கும்.”

“அது தெரியுமுங்க. வேற ஏதாவது இருக்குமோன்னுதான் கேட்டேன்” என்றான் திருமூர்த்தி.

பிறகு சாரதாமணி, “இன்னொண்ணு சார், ஓடி முடிச்சதும் ஸ்கிரீன்ல...” என்று ஆரம்பித்தது. அதற்குள் அவன் சரிங்க, சரிங்க என்று வைத்துவிட்டான். ஒரே நாளில் இரண்டு விஷயம் கற்றுக்கொள்வது தன் கௌரவத்துக்கு ஆகாது என்று அப்போது தோன்றியது. அந்த இரண்டாவது விஷயத்துக்காக அவன் என்ன விலை கொடுத்தான் என்பதுதான் மீதிக் கதை.

திரும்பி வந்தபோது எண் நானூற்றைத் தாண்டியிருந்தது. சென்னியப்பன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மாரப்பன் பக்கத்தில் நின்று விசிறாத குறை. இவ்வளவு ஆர்டர் நம்மிடம் இருக்கிறதா என்று முதலாளியே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். பழையதெல்லாம் சேர்ந்து வருகிறது என்று சொல்லி, திருமூர்த்தி நாற்காலியை வாங்கிக்கொண்டான். இப்போது முடிக்கச் சொல்கிறேன் என்று ஒரு சாய்கோடு போட்டு எண்டரைத் தட்டினான்.

திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சென்னியப்பன் அவன் தோளில் தட்டினார். தேங்காய்ச் சில் கைக்குக் கை போனது. அறைக்குள் தின்னக் கூடாது என்கிற சட்டத்தை அன்றைக்கு அவனே தளர்த்தினான்.

எல்லோரும் போன பிறகு அந்த ஒற்றை வரியை அவன் மறுபடியும் பார்த்தான். என்னமோ இடித்தது. ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் அதன் பெயரைத் திரையில் காட்டு என்று நிரலில் எழுதியிருந்தான். ஒரு பெயரும் வரவில்லை. வெற்றி, வெற்றி என்கிறதே தவிர என்ன செய்தது என்று சொல்லவில்லை. திருமூர்த்தி மனிதர்களை அறிந்தவன். வேலையைச் செய்யாமலே ‘ஆச்சுங்க’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறான். மிஷினும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினான். இன்னொரு சாய்கோடு போட்டான். மறுபடியும் அதே வெற்றி, ஒரு பெயரும் இல்லை. கோபம் வந்தது. மூன்றாவது சாய்கோட்டைக் கொஞ்சம் அழுத்தியே தட்டினான்.

அப்போதுதான் அட்டவணையையே திறந்து பார்க்கலாம் என்று உறைத்தது. பார்த்தான். ஆர்டர்கள், கலர்கள், கிலோக்கள், சரசரவென்று மேலே ஓடின. படிக்க முடியாத வேகம். ஆனால் நிறைய இருந்தது. மூன்றாவது தடவையில்தான் படிந்திருக்கிறது, விடாமல் முயன்றது நல்லதாகப் போயிற்று என்று தன்னையே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

உண்மை என்னவென்றால், பேசச் சொல்லி முதலிலேயே ஒரு வார்த்தை கட்டளையிட்டால்தான் அந்த மென்பொருள் திரையில் பேசும். இல்லாவிட்டால் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். சாரதாமணி ஃபோனில் சொல்ல வந்தது அதைத்தான். ஓடாதபோது ஓடுகிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன், ஓடியபோது ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டான். மூன்று தடவையும் அது ஓடியிருந்தது.

மறுநாள் அவசரமான ஆர்டர் ஒன்றுக்குச் சாயப்பட்டறைச் சீட்டு அச்சாகி வந்தது. பிள்ளைகளுக்கான டி-சர்ட், வாடாமல்லி கலர். கிலோவைப் பார்த்ததும் திருமூர்த்திக்கே கண் கொஞ்சம் விரிந்தது. பழைய கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். புதுக் கணக்கில் மூன்று பங்கு இருந்தது.

இங்கே சாதாரண மனிதன் யாராயிருந்தாலும் நிரலைச் சந்தேகப்பட்டிருப்பான். திருமூர்த்தி பழைய கணக்கைச் சந்தேகப்பட்டான். இத்தனை விலை கொடுத்து வாங்கியது தப்பாகச் சொல்லுமா? அப்படியென்றால் இத்தனை வருஷமும் பழைய ஃபாக்ஸ்புரோ குறைத்துக் காட்டியிருக்கிறது. ஏன் குறைத்தது என்று யோசித்தான். மத்தியானத்துக்குள் காரணமும் கிடைத்துவிட்டது. பழையது புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தள்ளிவிடும். சைஸுக்குச் சைஸ், கலருக்குக் கலர், தள்ளித் தள்ளி மூன்றில் இரண்டு பங்குத் துணி கணக்கிலிருந்தே உதிர்ந்து போயிருக்கிறது. தவிர நிட்டிங்கில் ஒரு சேதாரம், சாயத்தில் ஒன்று, கட்டிங்கில் ஒன்று. பழையது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சேதாரம்தான் போட்டது. புதியது தனித்தனியாகப் போடுகிறது. ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்தான். படம் அழகாக வந்ததும் அவனுக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

முதலாளிக்கு அந்தப் படத்தைக் காட்டி ரொம்ப நேரம் விளக்கினான். அவர் நம்பியதற்கும் காரணம் இருந்தது. போன சீசனில் ஓர் ஆர்டருக்குத் துணி பத்தாமல், அவசரமாக மறுபடியும் சாயம் போட்டு, நிறம் சேராமல், பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்த ஆர்டரிலோ ஜெர்மனிக்காரர்கள் ஃபேக்ஸுக்கு மேல் ஃபேக்ஸ் அனுப்பி எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருந்ததால் மொத்தம் யார் மனதிலும் நிற்கவில்லை. துணி பத்தாவிட்டால் பேச்சு வாங்குவது மாரப்பன்தான். ஆகவே அவர் அதிகத் துணி என்றதும் சந்தோஷமாகவே தலையாட்டினார். நூலும் கோடவுனில் இருந்தது, வேறு இரண்டு ஆர்டருக்கு வாங்கி வைத்தது.

சென்னியப்பன் அதோடு நிற்கவில்லை. காலையில் ஷட்டில் விளையாடப் போகிற இடத்தில், மற்ற எக்ஸ்போர்ட்டர்களிடம் இந்தத் தத்துவத்தை எடுத்துவிட்டார். புள்ளிக்குப் பின்னால் உதிர்கிற துணியைப் பற்றி அவர் பேசியபோது விளையாட்டே நின்றுபோனதாம். கிட்டுசாமி என்கிற எக்ஸ்போர்ட்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். முதலாளி திரும்பி வந்து இதைச் சொன்னபோது திருமூர்த்தி தரையைப் பார்த்து அடக்கமாகப் புன்னகை செய்தான்.

பிறகு துணி வர ஆரம்பித்தது.

முதல் லாரி வந்தபோது கோடவுனுக்குள் போனது. இரண்டாவது லாரியில் கோடவுன் நிறைந்தது. மூன்றாவது, கட்டிங் ஹாலின் ஓரங்களுக்கு. அதற்கு அப்புறம் வந்ததை சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கினார்கள். சைக்கிள்கள் வெயிலுக்குப் போயின. பிறகு மாடிப்படியில் ஒரு பக்கம். கடைசியில் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பு விடுகிற இடத்திலும் வாடாமல்லி ரோல்கள் ஆளுயரத்துக்கு நின்றன. கண்ணாடி வழியாக அந்த நிறம் உள்ளே விழுந்து, கீபோர்டு, காகிதம், அவன் வெள்ளைச் சட்டை எல்லாம் லேசான வாடாமல்லியாகத் தெரிந்தது. இன்னும் ஒரு லாரி சாயப்பட்டறையில் காய்கிறது என்று மாரப்பன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் சந்தோஷம் குறைந்திருந்தது. கட்டிங் மேஜையில் ஆர்டர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றார். திருமூர்த்தி தாளில் வரைந்த அம்புக்குறிகளை எடுத்து மறுபடியும் பார்த்தான். இப்போது அவை எங்கே போகின்றன என்று அவனுக்கே விளங்கவில்லை.

அந்த நிலையில்தான் சாரதாமணி அடுத்த கட்ட வேலைக்குக் கோயமுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கியது. செருப்பு விட இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. என்ன சார், எங்கே பார்த்தாலும் ஒரே கலராக இருக்கிறது, ஏதாவது விசேஷமா என்று விசாரித்தது. அவன் மழுப்பினான். அது உட்கார்ந்து அட்டவணையைத் திறந்தது. அவன் அன்றைக்குப் பார்த்த மாதிரி சரசரவென்று ஓடவிடவில்லை. ஒரே ஓர் ஆர்டரை மட்டும் கேட்டது. அதே ஆர்டர், அதே கலர், அதே கிலோ மூன்று வரியாக வந்து நின்றது. இன்னொரு ஆர்டரைக் கேட்டது. அதுவும் மூன்று வரி.

“இந்த புரோகிராமை எத்தனை தடவ ஓட்டுனீங்க சார்?”

“ஓடற வரைக்கும் ஓட்டுனேனுங்க” என்றான் திருமூர்த்தி.

சாரதாமணி அவனைப் பார்த்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற ரோல்களைப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிவிட்டது. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான், திரையில் பேச வைக்கிற கட்டளையைப் பற்றி மெதுவாகச் சொன்னது. கேட்டு முடித்தபோது திருமூர்த்திக்கும் ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்து முதலாளியிடம் போக வேண்டுமே.

போகிற வழியில் படியில் ரோல்களைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. சென்னியப்பன் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஜன்னலில் பாதிதான் வானம்.

“ஏனுங்கண்ணா, ஒரு தப்பு நடந்து போச்சுங்க.”

“ஆரு பண்ணுனது?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில்கள் நிறைய இருந்தன. புது சர்வர் இருந்தது. கோயமுத்தூர் கம்பெனி இருந்தது. எந்நேரமும் போகிற கரண்ட் இருந்தது. எல்லாம் வரிசையாக வந்து, என்னைச் சொல், என்னைச் சொல் என்று நின்றன. ஆனால் எதைச் சொன்னாலும் இன்னொரு படம் வரைய வேண்டியிருக்கும். அவனுக்கு அலுத்துப் போயிருந்தது.

“நாந்தானுங்க” என்றான்.

நடந்ததைச் சொன்னான். எண் ஏறியது ஆர்டர் கணக்கல்ல, வெறும் வரி எண் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அதைக் கேட்டதும்தான் சென்னியப்பன் திரும்பினார். தன் வலது கை ஆட்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப பழைய கம்ப்யூட்டரு?”

“அது செரியாத்தானுங்க சொல்லீட்டு இருந்துச்சு.”

“புள்ளிக்குப் பின்னால உதிருதுன்னியே?”

“ஒண்ணும் உதிரலீங்க.”

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போனது என்று திருமூர்த்தி முடிவு செய்து, அவிநாசியில் வீட்டுக்குப் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கினான். ஆனால் சென்னியப்பன் யோசித்தது அவனைப் பற்றியே அல்ல.

“சொன்னது நீயி. அத்தன பேருக்கு முன்னால வாயத் தொறந்தது நானு” என்றார். “நாளைக்குக் காலைல நான் எப்படி ஷட்டிலுக்குப் போறது?”

முதலாளி மேஜையைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். பிறகு தீர்மானம் வந்துவிட்டது. தப்பு ஒன்றும் நடக்கவில்லை. உள்ளூர் மார்க்கெட்டில் இறங்குகிறோம். அதற்காகத்தான் துணி கூடுதலாகப் போட்டோம். இதை முதலிலேயே யோசித்தாயிற்று. உன் வாயிலிருந்து ஒரு மூச்சு வெளியே வரக் கூடாது. அப்புறம், அந்த உள்ளூர் மார்க்கெட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று சொல்லி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

இப்படியாகத் திருமூர்த்தி வியாபாரி ஆனான். பகல் பாதி கம்ப்யூட்டர் அறை. மீதி நேரமும் சந்தை நாட்களும் கம்பெனி மெட்டடார் வேன். சாரதாமணி அட்டவணையில் உபரியாக இருந்த வரிகளை அழித்துவிட்டு, ஒரே வரி இரண்டாம் முறை நுழைய முடியாதபடி ஒரு பூட்டும் போட்டுக் கொடுத்தது. அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. துணியில் உபரியானதை அழிப்பதற்குக் கார்த்திகை தாண்டி மார்கழியும் பிறந்துவிட்டது. எல்லா அளவிலும் வெட்டித் தைத்துத் தள்ளினார்கள். கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் வாடாமல்லிதான்.

விற்கிற வித்தை அவனுக்குச் சுத்தமாக வரவில்லை. வெள்ளகோவில் சந்தையில் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியின் எடையையும் பின்னலின் தரத்தையும் விளக்கினான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்துத் தட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனார்கள். நஞ்சம்மாள் என்கிற அம்மாள் ஒரு பனியனை எடுத்து இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாயம் போகுமா கண்ணு என்று கேட்டார். போகாதுங்கம்மா, ஜெர்மனிக்குப் போகிற சாயம் என்றான். அப்படியென்றால் இங்கே ஏன் வந்தது என்றார் அந்த அம்மாள். எட்டு வருஷ சர்வீஸில் அவனை யாரும் கேட்காத நேரான கேள்வி. திருமூர்த்தி இரண்டு பனியன்களை அவர் கையில் திணித்து, ஒன்றின் விலை கொடுத்தால் போதும் என்றான். அதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். வியாபாரம் என்பது இதுதான் போல என்று எண்ணிக்கொண்டான். சாயங்காலம் மாரப்பன் கணக்குப் பார்த்துவிட்டு, இனிமேல் இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பெரிய உதவி மூலனூரில் கிடைத்தது. அங்கே முருங்கைக்காய் மார்க்கெட்டில் லிங்கசாமி என்கிற மண்டிக்காரர், தன் சுமைக்காரர்கள் அடுத்த மண்டி லாரியில் மூட்டை ஏற்றிவிடுகிறார்கள் என்ற எரிச்சலில் இருந்தார். இந்த நிறத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அரை மைலுக்கு அப்பாலிருந்தும் தன் ஆட்கள் தெரிவார்கள் என்று மண்டி முழுக்க வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்த மண்டிக்காரரும் தன் ஆட்களுக்கு வாங்கினார். வேறு நிறம் கேட்டார்; திருமூர்த்தியிடம் வேறு நிறம் இல்லை. பழையபடி யார் ஆள் யார் என்று தெரியாமல் போனதைப் பற்றி லிங்கசாமி பிற்பாடு என்ன சொன்னார் என்று அவன் கேட்கப் போகவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் அவன் எங்கே போனாலும் அந்த நிறம் எதிரில் வந்தது. பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டுச் சமையல் கட்டில், வரப்பில் ஆடு மேய்க்கிறவர் முதுகில். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதைப் போட்டிருந்தால் அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். வெளியேயும் ஒருவர் போட்டுக்கொண்டு நடப்பார். முதலில் கூசியது. பிறகு எண்ண ஆரம்பித்தான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

சென்னியப்பனோ தைரியமாக ஷட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தை மாசத்தில் ஒரு நாள் கிட்டுசாமி இனிப்புப் பெட்டியோடு கம்பெனிக்கு வந்தார். ஷட்டில் மைதானத்தில் கேட்ட தத்துவத்தை நம்பி, அவரும் கொஞ்சம் துணி கூடுதலாகப் போட்டாராம். அந்த நேரம் பார்த்து அவரிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் அதே கலரில் திடீரென்று மறுபடியும் ஆர்டர் கொடுத்துவிட்டார். கையில் துணி இருந்ததால் எல்லோருக்கும் முன்னால் சரக்கு அனுப்பிப் பெயர் வாங்கிவிட்டார் கிட்டுசாமி. எல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் தம்பியின் புண்ணியம் என்றார். சென்னியப்பனும் திருமூர்த்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு இனிப்பை எடுத்துக்கொண்டார்கள்.

கிட்டுசாமியின் கம்பெனியிலும் அதே சிஸ்டம் போடப் போகிறார்களாம். ஒரு நாள் வந்து அந்தக் கணக்கு முறையை எங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். முதலாளியால் மறுக்க முடியவில்லை. திருமூர்த்தி போனான். காங்கேயம் ரோட்டில் புதுக் கட்டடம், புது ஏசி, வாசலில் செருப்பு வரிசை. உள்ளே நாற்காலிகள் போட்டு ஆட்கள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாலை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். ரோஜா மாலை, நல்லவேளையாக.

பேச எழுந்ததும் அவனுக்கு அம்புக்குறி போட்ட படம் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை வரைந்தால் இதைவிட அழகாக வரும். கை ஊறியது. ஆனால் முன்வரிசையில் கிட்டுசாமி கண்ணைக் கூட இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோடவுன் எவ்வளவு பெரியது என்று வருகிற வழியில் அவன் பார்த்திருந்தான்.

ஆகவே உண்மையைச் சொன்னான். எண்ட் போட்டால் மட்டும் ஓடாது, தனி வரியில் சாய்கோடு போட வேண்டும். ஓடியதும் பேசாது, பேசச் சொன்னால்தான் பேசும். இது தெரியாமல் தான் மூன்று தடவை ஓட்டியதால் துணி மூன்று பங்கு வந்தது. தத்துவம் எல்லாம் பிற்பாடு தான் கட்டியது. முதலாளிக்குக் கொடுத்த வாக்கு போனது. ஆனால் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு ரோல் இறங்கிய மாதிரி இருந்தது.

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. பிறகு கிட்டுசாமி மெல்லச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து அவனை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவர், தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

“தொழில் ரகசியத்த வெளிய சொல்ல வேண்டாம்னு சென்னியப்பண்ணன் சொல்லி அனுப்புனாருங்களா?” என்றார். “பரவால்லீங் தம்பி. உங்க நெலமை எனக்குப் புரியுது. அதுக்காக இப்பிடியொரு கதையா கட்டறது?”

திருமூர்த்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சத்தியம் செய்தான். கிட்டுசாமி தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக் கேட்டார். கடைசியில் அவனை உட்கார வைத்து ஒரு காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்தது. குடித்து முடித்துவிட்டு, மாலையை வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, அவிநாசிப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.